பெருக்கனுக்கு ஆர் சோறு குடுத்தது

பெனடிக்ற் யூடியூப்காரரிட்ட வாயை விட்டிட்டான். அதோட துலைஞ்சுது றிபாத்தின்ர நிம்மதி.

மன்னாரில படக்கதை போடுற ரெண்டு பேரைப் பற்றி ஒரு சனல்காரர் வந்து படம் பிடிச்சினம். கதை சொல்லுறவன் றிபாத், படம் கீறுறவன் பெனடிக்ற். படக்கதையின்ர பேர் 'பெருக்கன்'. பெருக்கமரம் மாதிரி உருண்டு திரண்ட ஒரு சூப்பர் ஹீரோ. கோவம் வந்தா இன்னும் ஊதுவான். துவக்குச் சன்னம் பட்டா பஞ்சுக்குள்ள போன மாதிரி உள்ளுக்குப் போய்க் கிடக்கும், ஆளுக்கு ஒண்டும் செய்யாது. கள்ளமா மண் அள்ளுற லொறியைத் தூக்கிக் கடலுக்குள்ள வைப்பான், வெடி போட்டு மீன் பிடிக்கிறவனைத் தோணியோட கொண்டுபோய் அரசாங்கக் கச்சேரி வாசலில இறக்குவான். போட்டோக்கொப்பி அடிச்ச அந்த மெலிஞ்ச புத்தகங்கள் மடு மாதா கோயில் திருவிழாவில நல்லா விக்கும். மன்னார்ப் பள்ளிக்கூடப் பிள்ளையளின்ர பைக்குள்ள கிடந்து கிழியும்.

"பெருக்கனுக்கு எப்பிடி அந்தச் சக்தி வந்தது?" எண்டு பேட்டியில கேட்டினம். றிபாத் வழமையாச் சொல்லுறதைத்தான் சொன்னான்.

"அவன் மரத்துக்குள்ள இருந்து வந்தவன். அவ்வளவுதான்."

பக்கத்தில இருந்த பெனடிக்ற் சிரிச்சுப்போட்டு, "பொய் சொல்லுறான். முதல் முதல் இவன் சொன்ன கதையள் வேற. நாலு தொடக்கம் இருந்தது. நாலையும் நடுவில விட்டிட்டான். வொய்ஸ் எல்லாம் என்ர பழைய போனில இன்னும் கிடக்கு" எண்டான்.

அடுத்த நாள் பஸ் ஸ்ராண்டுக்குப் பக்கத்தில ஓட்டோவைக் கொண்டுபோய் விட்டதுதான் தாமதம், முஹைதீன் காக்கா தொடங்கிட்டார். அவரும் அங்க ஓட்டோ ஓடுறவர்தான், வயசில மூத்தவர், வாய்க்குப் பூட்டில்லை.

"என்ன றிபாத், பெருக்கனை நாலு தரம் பெத்து நாலையும் றோட்டில விட்டியாமே?"

"காக்கா, காலங்காத்தால."

"அதுக்கு முதல் அவனுக்குக் கச்சான் எண்டு பேர் வைச்சனியாம்?"

"அது காத்தின்ர பேர் காக்கா. கச்சான் காத்து."

"எனக்குத் தெரியும், கடலுக்குப் போனவன். பள்ளிக்கூடப் பிள்ளையளுக்குத் தெரியுமோ? கச்சான் கடலையெண்டு நினைச்சு வறுத்ததோ அவிச்சதோ எண்டுதான் கேக்குங்கள்."

அப்பிடித்தான் கேட்டதுகளும். றிபாத்துக்குச் சிரிப்பு வரேல்லை. இப்ப கொஞ்ச நாளா ஒண்டுக்கும் வாறேல்லை. விடிய எழும்பி, பிளேன்ரீ ஒண்டு ஊத்திக் குடிச்சு, பள்ளிக்கூடப் பிள்ளையளை ஏத்தி இறக்கி, ஆஸ்பத்திரி, சந்தை எண்டு ஓடி, பின்னேரம் பூசாத சுவருக்குள்ள போய்ப் படுக்கிறது. உடம்பு களைக்கிற அளவுக்கு வேலையில்லை. ஆனாலும் களைப்பு.

அவன் எருக்கலம்பிட்டியில பிறந்தவன், மூண்டு வயசில போனவன். தானாப் போகேல்லை. தொண்ணூறாம் ஆண்டு தமிழ்ப் பெடியளின்ர இயக்கம் துவக்கோட வந்து வடக்கில இருந்த முஸ்லிம் சனம் முழுக்கப் போகவேணும் எண்டது. சனம் கடற்கரையில நிண்டு போட் ஏறிப் போனது. உம்மாவின்ர இடுப்பில இருந்து அவனும் போனான். வளந்தது புத்தளத்தில, முதல்ல ஓலைக் கொட்டில், பிறகு கல்வீடு. கலியாணமும் அங்கதான். சண்டை முடிஞ்சு கனகாலத்துக்குப் பிறகு, வளவு பத்தை பிடிச்சுக் கிடக்கு, ஆராவது போய் இருக்கவேணும் எண்டு வீட்டில கதை வர, இவன் வந்தான். பிறகு கூட்டிக்கொண்டு வருவம் எண்ட எண்ணம். மனுசி நிஸ்லா வரமாட்டன் எண்டிட்டாள். "மகளின்ர ஸ்கூல் இங்க. உங்கட ஊரில என்ன இருக்கு, கழுதையும் காத்தும்" எண்டாள். அவள் சொன்னதில பிழையில்லை. புத்தளத்தில அவன் மன்னார் அகதி. இங்க ஓட்டோவில ஏறுற சனம் இவன் கதைக்கிற விதத்தைக் கேட்டிட்டு, "தம்பி புத்தளமோ?" எண்டு கேக்கும்.

இந்த ஊரில அவனுக்கெண்டு இருந்த ஒரே ஆள் பெனடிக்ற். பேசாலையில மீன்பிடி போட்டுகளுக்குப் பேரும் படமும் எழுதுறவன். ஓட்டோவின்ர பின் ஹூட்டில ஏதாவது கீறித் தா எண்டு போனதில தொடங்கின பழக்கம். என்ன கீற எண்டு பெனடிக்ற் கேக்க, பிள்ளையளுக்கு ஏத்தி இறக்கேக்க சொல்லுற கதை ஒண்டை றிபாத் சொன்னான். பெனடிக்ற் மத்தியானச் சாப்பாட்டை விட்டிட்டு இருந்து கேட்டான். றிபாத்துக்கு இருந்து எழுத வராது, பள்ளிக்கூடத்தில ஒழுங்காப் படிச்சவனுமில்லை. ஓட்டத்துக்கு ஓட்டம் நடுவில போனில கதையைச் சொல்லி வொய்ஸா அனுப்புவான். பெனடிக்ற் போட்டுக்கு அடியில பெயின்ற் கையோட கேட்டிட்டு, தானும் வொய்ஸில பதில் போடுவான். அப்பிடித்தான் எல்லாப் புத்தகமும் வந்தது.

அந்தப் பழைய தொடக்கங்களை றிபாத் விட்டதுக்குக் காரணமும் பெனடிக்ற்தான். நாலும் தொண்ணூறாம் ஆண்டு நடந்ததில இருந்து தொடங்கிற கதையள். ஒவ்வொண்டுக்கும் பெனடிக்ற் ஒரு கேள்வி கேட்டு அனுப்பினான். ஒவ்வொரு கேள்வியோடயும் றிபாத் நிப்பாட்டினான். கதையை விட்டா வேற கதை சொல்லலாம். பெனடிக்ற் போனா, வாய் திறந்து கதைக்க இந்தத் தீவில ஆரிட்டப் போறது?

அந்தக் கிழமையே கொழும்பில இருந்து கீர்த்திகா போன் எடுத்தாள். வெள்ளவத்தையில ஒரு பதிப்பகத்தில வேலை செய்யிற பிள்ளை, பெருக்கனை எல்லாம் சேத்து ஒரே தடிச்ச புத்தகமாப் போடுறதுக்குக் கனநாளா அலைஞ்சுகொண்டு இருக்கிறவள்.

"அண்ணா, நீங்க இதை எனக்குச் சொல்லவே இல்லையே! அந்த நாலும் வேணும். பின்னுக்கு 'விட்ட கதைகள்' எண்டு ஒரு பகுதி போடுவம். வாசிக்கிற ஆக்களுக்கு அதுதான் ருசி."

"அது அரைகுறை தங்கச்சி."

"அரைகுறையாத்தான் வேணும் அண்ணா. எப்பிடித் தொடங்கினீங்க, ஏன் விட்டீங்க, எல்லாம். பெனடிக்ற் அண்ணா நாலைஞ்சு படம் கீறினாப் போதும். வெள்ளிக்கிழமை எங்களுக்கு மீற்றிங், அதுக்குள்ள ஓமோ இல்லையோ எண்டு சொல்லுங்கோ."

ஏன் விட்டீங்க. அதையும் அச்சடிச்சுப் போடப்போகினமாம்.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிய, றிபாத் பேசாலைக்கு ஓட்டோவை விட்டான். பெனடிக்ற் கிடுகுக் கொட்டிலுக்குக் கீழ, கவிட்டு வைச்ச மீன்பெட்டி ஒண்டில பெயின்ற் பேணியை வைச்சிட்டு, நீலப் போட் ஒண்டில புனித செபஸ்தியாருக்கு அம்பு கீறிக்கொண்டு நிண்டான்.

"வா வா, பேட்டி நாயகன்."

"வாயை மூடு. உனக்கு ஆர் சொல்லச் சொன்னது?"

"கமராவைக் கண்டா எனக்கு வாய் நிக்காது மச்சான். பாவசங்கீர்த்தனத்திலயும் அப்பிடித்தான். சாமியார் போதும் மகன், மிச்சத்தை அடுத்த முறை சொல்லு எண்டுவார்."

"கீர்த்திகா உனக்கும் எடுத்தவளோ?"

"எடுத்தவள். வொய்ஸை அனுப்புங்கோ எண்டாள். உன்னைக் கேக்காமல் குடுப்பனோ?" எண்டு சொல்லிக்கொண்டு பெனடிக்ற் துணியில கையைத் துடைச்சான். "வா, முதல்ல கேப்பம். எனக்கும் மறந்துபோச்சு."

கண்ணாடி வெடிச்ச பழைய போன் ஒண்டைக் கொண்டுவந்து வயரில குத்தி, போட்டின்ர விளிம்பில வைச்சான். றிபாத் மணலில குந்தினான். கனநேரம் தேடிப்போட்டு பெனடிக்ற் முதலாவதை அமத்தினான்.

றிபாத்தின்ர குரல்தான். ஆனா அந்தக் குரலில ஒரு துடிப்பு. வயசு குறைஞ்ச ஒருத்தன் மூச்சு விடாமல் சொல்லுறான். பின்னால ஓட்டோ இரையுது, எங்கயோ ஒரு கழுதை கத்துது, "சீ, பேசாம இரு" எண்டு கழுதையை அதட்டிப்போட்டுத் திரும்பவும் கதை. கடற்கரையில சனம் நிக்குது. துவக்குக்காரர் நிக்கினம். பெருக்கன் கடலுக்குள்ள இருந்து எழும்பி வாறான். துவக்குகளை ஒவ்வொண்டாப் பறிச்சு ஈர்க்கில் மாதிரி முறிக்கிறான். சனம் திரும்பி வீட்டுக்கு நடக்குது. அவ்வளவில நிக்குது.

அதுக்குக் கீழ பெனடிக்ற்றின்ர பதில். "மச்சான், நல்லாக் கிடக்கு. ஆனா அந்தத் துவக்கோட நிக்கிறவங்களின்ர முகத்தை நான் எப்பிடிக் கீற? சொல்லு."

பிறகு றிபாத். "அது வேண்டாம் மச்சான். விடு."

ரெண்டாவது கதையில பெருக்கன் முழு ஊரையும் வேரோட கிளப்புறான். வீடு, பள்ளிவாசல், தென்னை, கிணறு எல்லாத்தையும் முதுகில ஏத்திக்கொண்டு முழங்கால் தண்ணியில புத்தளப் பக்கம், கல்பிட்டிக்கு நடக்கிறான். பெனடிக்ற் கேட்டிருந்தான், "அப்ப இங்க மிச்சம் என்ன கிடக்கும்? பெரிய குழி ஒண்டுதானே? அந்தக் குழிக்குப் பக்கத்தில இருக்கிற சனம் என்ன செய்யும்?" மூண்டாவதில பெருக்கன் பிந்திப் போறான், வந்து பாத்தா ஊர் வெறுமையாக் கிடக்கு. "ஏன் பிந்தினவன்?" எண்டு கேட்டிருந்தான். ரெண்டுக்கும் றிபாத்தின்ர பதில் அதே "விடு"தான்.

நாலாவதைச் சொல்லேக்க குரலில அந்தத் துடிப்பு இல்லை. எல்லாரும் போட் ஏறுகினம். ஒரு சின்னப் பெடியன் மட்டும் ஓடிப்போய்ப் பெருக்கமரத்துப் பொந்துக்குள்ள ஒளிச்சிடுறான். உம்மா கூப்பிடுற சத்தம் கேக்குது, அவன் போகேல்லை. போட் போயிடுது. ஊரில அவன் ஒருத்தன். மரம் அவனை வளக்குது.

பெனடிக்ற்றின்ர பதில் கட்டையா இருந்தது. "அவனுக்கு ஆர் சோறு குடுத்தது மச்சான்?"

அதுக்குக் கீழ ஒண்டுமில்லை. அதுக்கு றிபாத் "விடு" எண்டுகூடச் சொல்லேல்லை.

பெனடிக்ற் போனை எடுத்துக் காச்சட்டைப் பைக்குள்ள வைச்சான். "இது நல்ல கதை. இதை ஏன் விட்டனீ?"

"நீதானே விடச் சொன்னனீ."

"நானோ? எங்க? இப்பத்தானே கேட்டம், இதில எங்க விடச் சொல்லிக் கிடக்கு?"

"அப்பிடிக் கேள்வி கேட்டா என்ன கருத்து?"

"கேள்வி கேட்டாக் கேள்வி எண்டு கருத்து! நான் பதில் வரும் வரும் எண்டு இருந்தனான். நீ அடுத்த கிழமை மண் லொறியைத் தூக்கிக் கடலுக்குள்ள போடுறாய். சரி, இவனுக்கு என்னோட அதைக் கதைக்க விருப்பமில்லை எண்டு நானும் விட்டிட்டன்."

இந்தத் தீவில அந்த வருசத்தைப் பற்றி ஆளாளுக்குக் கேக்கிறேல்லை. சாவீட்டுக்கும் கலியாணத்துக்கும் போய் வருவினம், மீன் வாங்குவினம், பெருநாளைக்கு வட்டிலப்பம் போகும், நத்தாருக்குக் கேக் வரும். அதைமட்டும் கேக்கிறேல்லை. அப்பிடியிருக்க ஒருத்தன் கேட்டா, அது குத்துறதுக்குத்தான் எண்டு காது தானாக எடுத்துக்கொள்ளும். பெனடிக்ற் கேட்டதையும் றிபாத் அப்பிடித்தான் எடுத்தான். 'எங்கட பெடியளை வில்லனாக் கீறச் சொல்லுறியோ' எண்டுதான் அவனுக்குக் கேட்டது.

"எனக்கு அப்ப ஆறு வயசு" எண்டு பெனடிக்ற் தொடங்கினான். "அண்டைக்கு எங்கட அம்மா அழுது—"

"ஓம். தெரியும். எல்லாரும் அழுதவை."

சுள்ளெண்டுதான் வந்தது. பெனடிக்ற் நிமிந்து பாத்தான்.

"கோவிக்காத மச்சான். எனக்கு அலுத்துப்போச்சு. எருக்கலம்பிட்டி எண்டு சொன்னவுடன ஓட்டோவில இருக்கிற சனம் தொடங்கும், நாங்களும் அழுதனாங்கள் தம்பி, எங்களுக்கும் சோறு இறங்கேல்லைத் தம்பி எண்டு. உண்மையாத்தான் அழுதிருப்பினம். ஆனா நான் என்ன சொல்ல? பறவாயில்லை எண்டோ? அதைச் சொல்லுறதுக்கும் நான்தானோ? ஒவ்வொரு நாளும் ஆரையோ ஆறுதல்படுத்திப்போட்டுத்தான் ஆஸ்பத்திரி வாசலில இறக்குறன்."

பெனடிக்ற் பிறஷை எடுத்தான், வைச்சான். செபஸ்தியாரின்ர விலாவில பாதி அம்பு நிண்டது.

"நான் அழுத கதை சொல்ல வரேல்லை" எண்டான். "எங்கட வீட்டு ஹோலில மாலை போட்ட படம் இருக்கெல்லே, அண்ணை, அன்ரனி. அவன் அப்ப இயக்கத்தில இருந்தவன்."

அந்தப் படத்தை றிபாத் எத்தினையோ தரம் பாத்திருக்கிறான். அதுக்குக் கீழ இருந்து பாலப்பம் திண்டிருக்கிறான். எப்பிடிச் செத்தவர் எண்டு கேட்டதில்லை.

"அண்டைக்கு அவன் எங்க நிண்டவன் எண்டு எங்களுக்குத் தெரியாது. உங்கட கடற்கரையில நிண்டானோ, வேற எங்கயோ நிண்டானோ. பிறகு ஒருக்கா வீட்ட வந்தவன், திண்டிட்டுப் போனவன். அம்மா கேக்கேல்லை. அவன் சொல்லேல்லை. பிறகு செத்திட்டான். இனி ஆரைக் கேக்கிறது? நீ அந்த முதல் கதையை அனுப்பேக்க நான் அவனைத்தான் நினைச்சனான். கண்டபடி சிவந்த கண்ணும் பெரிய மீசையும் வைச்சுக் கீறிவிடலாம், லேசு. அவனுக்கு மீசை ஒழுங்கா முளைக்கவும் இல்லை மச்சான். பத்தொன்பது வயசு. அந்த முகத்தைக் கீறினா நீ என்ன நினைப்பாய், கீறாமல் விட்டா நான் என்ன நினைப்பன் எண்டு தெரியாமத்தான் உன்னைக் கேட்டனான்."

கடற்கரையில ஆரோ வலை தட்டுற சத்தம் கேட்டுக்கொண்டு இருந்தது.

"சோறு?" எண்டு றிபாத் கேட்டான். "சோறு ஆர் குடுத்தது எண்டு ஏன் கேட்டனீ?"

பெனடிக்ற் விரலில காஞ்ச பெயின்றைச் சுரண்டினான். "எங்கட ஆக்கள் ஆராவது குடுத்தது எண்டு நீ சொல்லுவாய் எண்டு ஒரு ஆசை."

"அதைத்தான் சொல்லேலாமப் போச்சு. குடுத்தது எண்டு சொன்னா எனக்குப் பொய். ஒருத்தரும் குடுக்கேல்லை எண்டா உனக்கு நோகும்."

"பொய்யெண்டு நீ எப்பிடிச் சொல்லுவாய்?" பெனடிக்ற்றுக்குக் கோவம் வந்திட்டுது. "நீ மூண்டு வயசுக் குழந்தை. குடுத்த சனம் இருந்தது. பூட்டின வீட்டுத் திறப்பை வாங்கி வைச்சுக் காத்த சனம் இருந்தது. எல்லாரையும் ஒண்டாப் போட்டு அள்ளாத!"

"இருந்திருக்கும். இல்லையெண்டு நான் சொல்லேல்லை. எனக்குச் சொன்ன கதையில அப்பிடி ஒரு ஆள் வரேல்லை, அவ்வளவுதான். வராத ஆளைக் கொண்டுவந்து வைச்சு, சனம் வாசிச்சுக் கண்ணைத் துடைச்சிட்டுப் போகட்டும் எண்டு நான் எழுதேலாது. உனக்காகவும் ஏலாது."

பெனடிக்ற் பிறஷை மண்ணெண்ணைப் பேணிக்குள்ள எறிஞ்சுபோட்டுத் தண்ணிக்கரைக்கு நடந்தான். திரும்பிப் பாக்கேல்லை.

முடிஞ்சுது எண்டு றிபாத் நினைச்சான். இவ்வளவு காலமும் எதுக்குப் பயந்து நாலு கதையை விட்டானோ, அது இப்ப நடந்திட்டுது. கீர்த்திகாவுக்கு ஓம் எண்டு சொல்லிவிடலாம். அரைகுறையாவே போகட்டும். இனிப் படம் கீற ஆரும் இல்லையெண்டா விட்ட கதையைத்தானே விக்கலாம்.

ஆனா 'பொய்யெண்டு நீ எப்பிடிச் சொல்லுவாய்' எண்டது முள்ளு மாதிரி நிண்டது. பெனடிக்ற்றுக்கென்ன தெரியும்? அந்தக் கோவத்திலதான் புத்தளத்துக்குப் போன் எடுத்தான். உம்மா சபூரா எடுத்தவுடன கேட்டது வழமையான கேள்வி.

"சாப்பிட்டியா மகன்?"

"ஓம் உம்மா." சாப்பிடேல்லை. "உம்மா, ஒண்டு கேக்கவேணும். எங்களைப் போகச் சொன்ன அண்டைக்கு, அங்க ஆரும் எங்களுக்குச் சோறு குடுத்ததோ?"

"இதென்ன இப்ப?"

"சொல்லுங்கோவன்."

"ஆர் குடுக்க? நாங்க என்ன பசியிலயா வந்தம்? நான் சோறாக்கி வடிச்சு வெச்சிட்டுத்தானே வந்தேன். சூடை மீன் ஆஞ்சு மஞ்சள் போட்டு வெச்சிருந்தேன், கறி கூட்டல்ல. அதுக்குள்ள வெளிக்கிடு வெளிக்கிடு எண்டானுகள். எங்கட வீட்டில மட்டுமா, எல்லா வீட்டிலயும் சட்டி அடுப்பில. பக்கத்து வீட்டு மரியம் ராத்தா இருந்தாவே, அவ சோத்துப்பானையை மூடாம வந்திட்டேன், மூடாம வந்திட்டேன் எண்டு கல்பிட்டி வரைக்கும் அதையேதான் சொன்னா. நகை போனதை ஒரு வார்த்தை சொல்லல்ல. பானை மூடல்லையாம்."

"பிறகு அந்தச் சோறு?"

"எனக்கென்ன தெரியும்? பூனை திண்டிருக்கும். நீ ஏன் குரல் ஒரு மாதிரி? காய்ச்சலா?"

"இல்லை உம்மா. பிறகு எடுக்கிறன்."

பெனடிக்ற் எப்ப வந்தவன் எண்டு தெரியாது, போட்டுக்கு அந்தப் பக்கம் நிண்டான். ஒலிபெருக்கியில போட்டமாதிரித்தான் உம்மாவின்ர குரல், போனைக் காதில வைச்சாலும் பக்கத்தில நிக்கிறவனுக்குக் கேக்கும்.

"கேட்டியோ?" எண்டான் றிபாத்.

"கேட்டது."

"அந்தப் பெடியன் மரத்துக்குள்ள இருந்து வாறான். ஊரில ஒருத்தரும் இல்லை. முதல் வீட்டுக்குள்ள போறான், பானையில சோறு. தின்னுறான். அடுத்த வீட்டுக்குப் போறான். அங்கயும் சோறு. ஒவ்வொரு வீடாப் போய் முழு ஊரின்ர சோத்தையும் ஒருத்தன் தின்னுறான். அதில வந்ததுதான் மச்சான் அந்த உடம்பு. அவனுக்குள்ள இருக்கிறது முழு ஊர்ச் சனத்துக்கு எண்டு ஆக்கின சோறு."

சொல்லி முடிய அவனுக்கே மூச்சு வாங்கினது.

பெனடிக்ற் தலையைச் சொறிஞ்சான். "எல்லா வீட்டையும் ஒரு நாளில சுத்தேலாதே. அடுத்தநாள் சோறு புளிச்சுப்போடும்."

"தண்ணி ஊத்தி வைச்சிருப்பான்."

"ம்ம். பூனையள்?"

"பூனையளும் தின்னட்டும். கீறு. பிள்ளையளுக்குப் பிடிக்கும்."

பெனடிக்ற் சிரிக்கப் பாத்தான், முழுக்க வரேல்லை. "அப்ப இதில எங்கட ஆக்கள் ஒருத்தரும் இல்லை."

"இதில இல்லை."

"நோகுது மச்சான்."

"தெரியும்."

"கீறுறன்" எண்டான் பெனடிக்ற். "ஆனா கடற்கரைப் பக்கத்தில அண்ணையை வைப்பன். துவக்கோட. அவன்ர முகத்தோட. அதுக்கு நீ ஒண்டும் சொல்லப்பிடாது."

இப்ப றிபாத்தின்ர முறை. உம்மா இந்தப் புத்தகத்தைப் பாப்பா. அந்த முகத்தைக் காட்டி ஆரிது எண்டு கேட்டா, எனக்குப் படம் கீறுறவன்ர அண்ணன் எண்டு சொல்லவேணும். உம்மா வாசிக்கமாட்டா, படம் பாப்பா. நிஸ்லாவும் பாப்பாள். எருக்கலம்பிட்டிப் பள்ளிவாசலில ஆராவது கொண்டுவந்து விரிச்சு வைச்சுக் கேப்பினம். இந்தக் கேள்விகளுக்கெல்லாம் பதில் சொல்ல அவனுக்கு உடம்பில தெம்பில்லை. எண்டாலும் தான் சொல்லுறதை மட்டும் கீறு, உன்ர வீட்டில மாலை போட்டுக் கிடக்கிறதை விடு எண்டு இவனுக்குச் சொல்லவும் வாய் வரேல்லை.

"சரி" எண்டான் கடைசியா. "வை."

பெனடிக்ற் உள்ள போய் சீமெந்துப் பையைக் கிழிச்ச கடதாசி ஒண்டையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு வந்து மணலில இருந்தான். அவன் கடற்கரைக் கோட்டை இழுக்கேக்க கீர்த்திகா எடுத்தாள்.

"அண்ணா, மீற்றிங் தொடங்கப்போகுது. ஓமோ?"

"விட்ட கதை எண்டு போடேலாது தங்கச்சி. நாலாவது இப்பத்தான் திரும்பத் தொடங்குது."

"ஐயோ அண்ணா! எப்ப முடியும்?"

"தெரியாது. பொறுக்கேலுமெண்டாப் பொறுங்கோ. ஏலாதெண்டா விடுங்கோ, நான் கோவிக்கமாட்டன்."

"கேட்டுப் பாக்கிறன். அவை பொறுப்பினமோ தெரியாது அண்ணா. வேற புத்தகங்களும் வரிசையில நிக்குது."

"பறவாயில்லைப் பிள்ளை" எண்டான். பொறுக்காட்டி அந்தத் தடிச்ச புத்தகம் இல்லை, திரும்பவும் போட்டோக்கொப்பிக் கடைதான். அதை நினைக்கவும் களைப்பாத்தான் இருந்தது. போனை வைச்சிட்டுப் பெனடிக்ற்றின்ர தோளுக்கு மேலால எட்டிப் பாத்தான்.

முகம் வந்துகொண்டு இருந்தது. ஒட்டின கன்னம், மேலுதட்டில அரும்பு. படத்தில மாலைக்குள்ள இருக்கிறவரை விட இதில இன்னும் சின்னப் பெடியன். கண் இருக்கவேண்டிய இடத்துக்கு வந்து பென்சில் நிண்டிட்டுது.

"கண்ணை எங்க பாக்க வைக்க?" எண்டு பெனடிக்ற் கேட்டான். "மரத்தைப் பாக்கட்டோ?"

"மரத்தைப் பாத்தா, அந்தப் பெடியனைக் கண்டிட்டுப் பேசாமல் விட்டவர் எண்டு வரும்."

"சனத்தை?"

றிபாத் யோசிச்சான். "சனத்தைப் பாத்தா அங்க என்ர உம்மா நிக்கிறா."

"கடலைப் பாத்தா ஒண்டும் பாக்காத மாதிரி இருக்கும்."

"ஓம். அதுவும் சரியில்லை."

"அப்ப என்ன செய்யிறது, சொல்லு. நீதானே கதை சொல்லுறவன்."

"எனக்குத் தெரியேல்லை மச்சான். கண்ணை இப்ப வைக்காத. மத்ததைக் கீறு."

பெனடிக்ற் கடதாசியைக் கொஞ்சம் திருப்பி வைச்சான். ரெண்டு கண்ணுக்கும் இடத்தை விட்டிட்டுக் காதைக் கீறத் தொடங்கினான். அவங்கட குடும்பத்துக் காது, கொஞ்சம் வெளிய தள்ளினது. காது நல்லா வந்தது.